திலகவதியின் பொரி முடிச்சும் சின்னவரின் திமிலும்

திலகவதி பொரி முடிச்சை முதன்முதலாக ஒழுங்காகப் போட்டு முடித்த வியாழக்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டு அன்புமொழியின் காளைக்குத் திமில் இல்லாமல் போனது. அறுத்த காயம் இல்லை, ரத்தம் இல்லை, தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகு பலகை மாதிரி கிடந்தது. காளை தன் பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ஆலங்குடியில் தேங்காய் விலை இறங்கியிருந்தது, மதியத்துக்கு மேல் லேசாகத் தூறல் போட்டது, மினி பஸ் பஞ்சராகி நின்றது என்பதெல்லாம் நொச்சிவிடுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. திமில் போன நேரம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் தெரிய வேண்டியது மட்டும் யாருக்கும் தெரியாது, அது ஒரு வழக்கம்.

திலகவதியின் புருஷன் முத்துராமன் கத்தாரில் ஏசி மெக்கானிக். பையன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். தனியாக இருக்கிற பொம்பளை என்ன செய்கிறாள் என்பதில் தெருவுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அவள் செய்ததெல்லாம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, குரோஷா ஊசியால் ஒரு கட்டில் விரிப்பு பின்னியதுதான். சாதாரணப் பின்னல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். நூலில் பொரி பொரியாகப் புடைத்து நிற்கிற இந்த முடிச்சுதான் படியவில்லை. ஒரே ஓட்டையில் கால் மாதிரி நிற்கிற ஐந்து பின்னல் போட வேண்டும். பிறகு ஊசியை உருவி, முதல் காலின் தலையில் குத்தி, விட்டுவந்த கண்ணியைப் பிடித்து அதன் வழியே இழுக்க வேண்டும். இழுத்தால் ஐந்து காலும் ஒன்றாகக் கூடி நெல்பொரி மாதிரி வெளியே பிதுங்கும். அவளுக்குப் பிதுங்கவில்லை. போட்டாள், பிரித்தாள், போட்டாள், பிரித்தாள். இழுக்கும்போது எங்கே கெட்டுப்போகுமோ என்ற பயத்தில், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இழுப்பாள். வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், அன்புமொழியின் மாட்டுக்கொட்டகை.

அன்புமொழி முந்திரி உடைக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். முந்திரி ஓட்டுப் பால் பட்டு அவள் விரல்நுனி எப்போதும் கறுத்திருக்கும். ஈன்ற பசு செத்துப்போனதால் கன்றாக இருந்த அந்தக் காளைக்குப் புட்டியில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான். சின்னவர் என்று பெயர் வைத்து, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊட்டி, கண்மாயில் நீச்சல் பழக்கி, அவனை அந்தோணியார் கோயில் ஜல்லிக்கட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே இரண்டு தை மாதம் அவனை ஒருத்தனும் பிடிக்கவில்லை. மாட்டுக்கு இருந்த மரியாதை அவளுக்கும் வந்தது. கல்யாணம் ஆகவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மாடு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

திமில் போனதும் ஊர் முதலில் சந்தேகப்பட்டது அவளுடைய அண்ணன் பெலிக்ஸைத்தான். ஜல்லிக்கட்டில் மாடுபிடிக்கிறவன் திமிலைத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும். கொம்பைப் பிடிக்கக்கூடாது, வாலைப் பிடிக்கக்கூடாது. திமிலே இல்லாவிட்டால்? கேரளாவில் போய் ஏதோ ஊசி போட்டு வந்திருக்கிறான் என்றார்கள். பெலிக்ஸ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அடிக்கடி வெளியூர் போகிறவன், ஆகவே நம்பும்படியாகத்தான் இருந்தது. அவன் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இனிமே கையில பிடிக்க என்ன இருக்கு? வழுக்கிக்கிட்டுப் போயிருவான் நம்ம ஆளு" என்று டீக்கடையில் சிரித்தான். மாட்டு டாக்டர் வந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. திமில் இல்லாத மாடு நாட்டு மாடு இல்லை, சீமைக் கலப்பு, வாடிவாசலில் விடுவதற்குச் சான்று தர முடியாது என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார். போன வருடம் இதே மாட்டின் திமிலைத் தட்டிப் பார்த்துச் சான்று கொடுத்தவரும் அவர்தான். அதைச் சொன்னபோது, அது வேறு மாடாக இருக்கும் என்று அன்புமொழியையே சந்தேகமாகப் பார்த்தார்.

உழவுக்கும் போகாத, வாடிவாசலுக்கும் போகாத மாட்டுக்குத் தீனி போட முடியாது என்று பெலிக்ஸ் முடிவு செய்தான். தை மாதம் சான்று கொடுக்கிற நாள்வரை பார்ப்பது, திமில் வராவிட்டால் அன்றைக்கே அடிமாட்டு லாரியில் ஏற்றுவது. தங்கச்சி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், அவன் அசையவில்லை. அப்பா இறந்த பிறகு வீட்டில் மாடு விற்கிற அதிகாரம் அவனிடம்தான் இருந்தது.

இதற்கிடையில் திலகவதிக்கு முடிச்சு கைவந்துவிட்டது. ஒருநாள் ஊசியை இழுக்கிற நேரத்தில், பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொழுப்புக்கட்டியோடு வாழ்ந்துவந்த வீரய்யா ஜன்னலைத் தாண்டிப் போனார். நாலு வீடு தள்ளிப் போவதற்குள் கட்டியைக் காணோம். அவர் துண்டால் துடைத்துப் பார்த்தார், சட்டைக்குள் விழுந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தார். மறுநாள், அவள் பார்வைக்கு நேரே இருந்த வேகத்தடை தரையோடு தரையாகிப் போனது. மினி பஸ் டிரைவர் ஆரோக்கியதாஸ் பழக்கதோஷத்தில் அங்கே வந்து பிரேக் போட்டு, ஒன்றும் தூக்கிப் போடாததால் பயந்துபோய் இறங்கிப் பார்த்தார். மூன்றாவதாகப் பஞ்சாயத்து கிளார்க் திருமுருகனின் தொப்பை. அன்றைக்கு நூல் பற்றாமல் ஐந்து காலுக்குப் பதில் மூன்று கால் மட்டும் போட்டிருந்தாள். அவருக்கும் பாதித் தொப்பைதான் போனது. மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்லிக் கேட்க அவர் வந்து நின்றபோதுதான், திலகவதி உட்பட எல்லோருக்கும் விஷயம் பிடிபட்டது. இழுக்கும்போது அவள் கண் எதன்மேல் நிற்கிறதோ அதன் புடைப்பு நூலுக்குப் போய்விடுகிறது.

பிறகென்ன, ஜன்னலுக்கு வெளியே கூட்டம். மருவோடு வந்தார்கள், முகப்பருவோடு வந்தார்கள், காலில் நரம்பு முடிச்சோடு வந்தார்கள். திருமுருகனின் மகள் ஹரிணிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தது. அவள் கன்னத்துப் பருக்களுக்கென்று ஒரு வரிசையே பின்ன வேண்டியிருந்தது. பொம்பளைகள் கர்ப்பிணிகளை அந்தத் தெருப்பக்கமே விடவில்லை. குடுமியான்மலைக் கோயில் லிங்கத்தின் உச்சிக் குடுமி போய்விட்டதாக ஒரு வதந்தி கிளம்பி, இரண்டு பேர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். குடுமி பத்திரமாக இருந்தது. ஆனாலும் திலகவதி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள். நன்றி சொன்னவர்கள் குறைவு. இவள் எதற்காக இதைச் சும்மா செய்கிறாள் என்று யோசித்தவர்கள்தான் அதிகம். எடுத்த கட்டிகளையெல்லாம் என்ன செய்யப்போகிறாள் என்றும் கேட்டார்கள்.

ஒருநாள் திடீரென்று, திருமுருகனின் மீதிப் பாதித் தொப்பைக்கு முறை வருவதற்கு முன்பே, அவள் நிறுத்திவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். உடம்பு முடியவில்லை என்றாள், யாரும் நம்பவில்லை. நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, வலி இல்லை, அசையவும் இல்லை. அவளுடைய அம்மா செத்ததும் அப்படி ஒரு கட்டியில்தான். திலகவதி கதவைத் தாழிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கட்டி இருந்த இடத்தில் மை வைத்து, அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு கடைசியாக ஒரு முடிச்சை இழுத்தாள். தடவிப் பார்த்தாள், கட்டி இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகை சந்தோஷ அழுகை. விரிப்பை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்புமொழிக்குச் சந்தேகம் வந்தது மார்கழியில். முட்டாள்தனம்தான், ஊரெல்லாம் கட்டி மறைகிறபோது எதிர்வீட்டுத் திமிலை மட்டும் யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்குப் போனது வேண்டாதது. இவளுக்குப் போனது வேண்டியது. அதனால் அது வேறு கணக்கு என்று இருந்துவிட்டார்கள். அவள் நேரே திலகவதி வீட்டுக்குள் போய், விரிப்பைக் காட்டச் சொன்னாள். திலகவதி மறுக்கவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். விரித்துப் போட்டதும் அன்புமொழி கறுத்த விரல்களால் முதல் வரிசையின் முதல் முடிச்சைத் தொட்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது, முகர்ந்தால் சின்னவர் வாசம் அடித்தது. அவள் அதைச் சொறிந்துகொடுத்தாள். எதிரே கொட்டகையில் காளை சுகமாகக் கழுத்தை நீட்டியது.

"அக்கா, இது என் மாடு" என்றாள் அன்புமொழி.

பிரித்துவிட்டால் திரும்பி வந்துவிடும், அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் குரோஷா பின்னலைக் கடைசி முடிச்சிலிருந்துதான் உருவ முடியும். முதல் முடிச்சு வெளியே வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் போட்ட அத்தனையும் பிரிந்தாக வேண்டும். வீரய்யாவின் பிடரி, ஹரிணியின் கன்னம், திருமுருகனின் தொப்பை, எல்லாமே. பெலிக்ஸ் கத்திரிக்கோலை எடுத்து வந்தான். நடுவில் இருக்கிற ஒன்றை வெட்டிப் பார்க்கலாம் என்று வேகத்தடையின் முடிச்சை முதலில் நறுக்கினான். வரிசையிலிருந்து வெட்டுப்பட்ட புடைப்புக்குத் தன் இடம் தெரியவில்லை. அது திருமுருகன் வீட்டு ஹாலில், டிவிக்கு முன்னால், மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தாரோடு குறுக்கே எழும்பியது. இன்றுவரை அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நடக்கிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். திமிலை வெட்டினால் அது யார் முதுகில் முளைக்குமோ என்று பெலிக்ஸே கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான். வெட்டிய இடத்தைத் திலகவதி முடிச்சுப் போட்டுச் சேர்த்தாள்.

அந்தச் சேதி பரவியதும் நொச்சிவிடுதியின் நிஜமுகம் தெரிந்தது. ஒரு மாட்டுக்காக ஊர் முகமெல்லாம் பருவாக வேண்டுமா என்று கேட்டார்கள். வீரய்யா காலர் வைத்த புதுச் சட்டைகள் தைத்திருந்தார். அன்புமொழியைச் சின்னப் பிள்ளையிலிருந்து தூக்கி வளர்த்த மனுஷன், அவளைப் பார்த்ததும் தெரு மாறிப் போனார். அன்புமொழி ஆளில்லாத நேரத்தில் விரிப்பைத் திருடிவிடுவாள் என்று சொல்லித் திலகவதி வீட்டு வாசலில் முறை போட்டு உட்கார்ந்தார்கள். காவல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள், தன்னுடையதை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு மற்றதைப் பிரித்துவிடுவானோ என்று. திருமுருகனுக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை, அவருக்குப் பாதிதான் போயிருந்தது. திலகவதி விரிப்பைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மனசு கல்லு, புருஷன் ஊரில் இல்லாத திமிர் என்று அவளைப் பேசினார்கள். அன்புமொழியும் அப்படித்தான் நினைத்தாள். ஜன்னலைப் பார்த்து அவள் காறித் துப்பியதைக் கண்டவர்கள் உண்டு.

தை பிறந்தது. சான்று கொடுக்கிற நாள் காலையில் லாரி வந்து கொட்டகை முன்னால் நின்றது. பெலிக்ஸ் பலகையைச் சாய்த்துப் போட்டான். அன்புமொழி காளையின் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு, காவலுக்கு இருந்தவர்களை விலக்கிக்கொண்டு, திலகவதி வீட்டுக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

"வண்டி வந்துருச்சுக்கா. கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

திலகவதி பீரோவைத் திறந்து விரிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கடைசி முடிச்சை விரலால் காட்டினாள். "ஒனக்கு வேணுங்கிறது மொத முடிச்சு, மொழி. ஆனா உருவுனா மொதல்ல வாரது இது. இது என்னோடது. எங்க அம்மாவுக்கு வந்தது." பிறகு இடது மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அன்புமொழிக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் திட்டியது, துப்பியது எல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப வேணாங்க்கா. பிரிக்காதீங்க. மாடுதானே" என்றாள். மாடுதானே என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னவர் லாரியில் ஏறும்போது மிரளாமல் இருக்க, கூடவே நிற்க வேண்டும் என்று வெளியே போனாள்.

அவள் தெருவைத் தாண்டுவதற்குள் திலகவதி நூல் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள். நூலுக்குள் இருந்தும் அந்தக் கட்டி வளர்ந்துகொண்டே வந்தது, அந்தப் பயத்தில்தான் பிரித்தாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இந்த ஊரில் நான் எல்லோரையும் சந்தேகப்படுகிறவன். அவளை மட்டும் இந்த விஷயத்தில் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

முதல் இழுப்பிலேயே மார்பில் கட்டி வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு நிமிஷம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள், பிறகு நிறுத்தவே இல்லை. நூல் சுருள் சுருளாக மடியில் விழ விழ, ஊரில் ஒவ்வொருவராகக் கத்தினார்கள். ஹரிணிக்கு அன்றைக்குத்தான் ஆலங்குடியில் நிச்சயதார்த்தம். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் பருக்கள் திரும்பி வந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தான், அவர்கள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். வீரய்யாவின் காலர் பட்டன் தெறித்துத் தேநீர் டம்ளரில் விழுந்தது. கடைசியாக முதல் முடிச்சும் அவிழ்ந்தது. பலகையில் முன்கால் இரண்டையும் வைத்திருந்த சின்னவரின் முதுகில் திமில் எழும்பி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அவன் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பினான். லாரியோடு வந்த மாட்டு வியாபாரி பேரம் வேண்டாம் என்று லாரியை எடுத்துக்கொண்டு போனார். மாட்டு டாக்டர் வந்து, தட்டிப் பார்த்து, இது பழைய மாடுதான் என்று சான்று கொடுத்தார்.

அந்தோணியார் பொங்கலன்று வாடிவாசலில் சின்னவரின் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். மாடு வரவில்லை. பெலிக்ஸ் தலைகீழாக நின்றும் அது அவனோடு கொட்டகையை விட்டு நகரவில்லை. அன்புமொழி தஞ்சாவூரில், ஆஸ்பத்திரி வார்டில், திலகவதியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். முத்துராமனுக்கு லீவு கிடைக்கவில்லை, பையனுக்குப் பரீட்சை, கூட இருக்க ஆள் வேண்டியிருந்தது. இதற்காகவா ஊரையே அலங்கோலப்படுத்தினாள் என்று வீரய்யா திட்டினார். இரண்டு பெண்களுக்கும் இதில் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். இருந்தது ஒன்றுதான். வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று அன்புமொழி அந்த முடிச்சைக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள், பிரித்த அதே நூலில். கண்ணை ஊசியிலேயே வை, வேறு எங்கும் பார்க்காதே என்று திலகவதி படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். முந்திரி உடைத்த விரலுக்கு ஊசி சீக்கிரமே பழகிவிட்டது.

கட்டியோடு மார்பையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. திலகவதி ஊருக்குத் திரும்பினாள், ஆனால் குழாயடிக்கு வருவதை விட்டுவிட்டாள். முந்தானையை இடது பக்கம் இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெட்கமும் கோபமும் அவளைத் தின்றன. கத்தாரிலிருந்து போன் வந்தால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினாள். துணி வைத்துத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள், அது எடை இல்லாமல் மேலேறிக்கொண்டே இருந்தது, கழற்றி வீசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த அன்புமொழி கொட்டகைக்குள் போய்க் காளையின் காதில் ஏதோ கேட்டாள். பிறகு அவன் பக்கத்தில் குந்தி, கையளவு வட்டமாக ஒரு கிண்ணம் பின்னி, நடுவில் ஒரு பொரி முடிச்சுக்கு மூன்றே மூன்று கால் போட்டு, திமிலைக் கண்கொட்டாமல் பார்த்தபடி இழுத்தாள். எழுந்து போய் அதைத் திலகவதியின் கையில் வைத்தாள். அது வெதுவெதுப்பாக, ரவிக்கைக்குள் வைத்தால் மேலேறாத அளவுக்கு நல்ல கனமாக இருந்தது.

"அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேங்க்கா" என்றாள்.

அடுத்த தையில் சின்னவர் வாடிவாசலில் இறங்கினான். திமில் முன்னைக்குப் பாதிதான் இருந்தது. பெலிக்ஸ்தான் சீவிவிட்டான் என்று மாடுபிடிக்கிறவர்கள் தகராறு செய்தார்கள். கமிட்டிக்காரர்கள் தடவிப் பார்த்து, காயம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த வருடமும் யாரும் அவனைப் பிடிக்கவில்லை. திலகவதி இப்போது குழாயடிக்கு வருகிறாள், முத்துராமன் லீவில் வந்துவிட்டுப் போனார். கொட்டகையில் சின்னவர் திமிலில் ஈ உட்காருகிற நேரத்தில், தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பவள் குடத்தை இடுப்பில் இறக்கிக்கொண்டு, ரவிக்கையின் இடது பக்கத்தை லேசாக ஒரு தட்டு தட்டிக்கொள்வாள். வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள்.